முப்பத்தெட்டு எசமான்மாரின் கடிதம்

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷத்துக்கு அடுத்த வருஷம் இது நடந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அப்போது நான் குடியிருந்தேன். வயது இருபத்துநாலு. கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம். கலியாணம் ஆகவில்லை. சம்பளம் கொஞ்சம், தலைக்கனம் நிறைய.

யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த இளைஞர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். இப்படிக் கூட்டாகக் குடியிருக்கும் வீட்டைச் சமறி என்போம். எங்கள் சமறியில் மின்சாரம் இல்லை. அந்த ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகளில் இல்லை. சமையலும் கிடையாது. மத்தியானம் கந்தோருக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை, இரவில் பாணும் வாழைப்பழமும். காலையில் மட்டும் ராசபோகம். ஆறு மணிக்கெல்லாம் ஒரு சிங்களக் கூடைக்காரர் வந்து, படலையில் நின்று "இந்தி ஆப்ப...!" என்று இடியப்பத்தின் சிங்களப் பெயரை நீட்டிக் குரல் கொடுப்பார். அவரை எல்லோரும், சிங்களத்தில் அண்ணன் என்ற பொருளில், அய்யே என்றுதான் கூப்பிடுவோம். கூடைக்குள் வாழையிலை விரித்து ஆவி பறக்கும் இடியப்பம், கையில் தூக்கிய வாளியில் சொதி, தனியாக ஒரு சட்டியில் சம்பல். அரிசி கூப்பனுக்குப் போய்விட்ட காலம், ஆகவே கோதுமை மா இடியப்பம்தான். ஆனாலும் பஞ்சு மாதிரி இருக்கும். ஆளுக்கு எட்டு. இரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவிர, ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டோம். அதை யார் அவிக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அய்யேயின் மனைவியாக இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது அந்தக் காலத்தில்தான். ஒழுங்கை முகப்பில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடை இருந்தது. அவர் ஊருக்கெல்லாம் நானா. முன்பெல்லாம் எந்த நேரம் போனாலும் போத்தலை நிரப்பித் தருவார். இப்போது சனிக்கிழமை பின்னேரம் ஒரே ஒரு பீப்பா வரும். அது வரும் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டதுமே ஒழுங்கை முழுவதும் போத்தலோடு ஓடும். தள்ளுமுள்ளு, ஏச்சுப் பேச்சு. ஒரு சனிக்கிழமை, கழுத்துப் பட்டி கட்டிய இரண்டு பெரிய மனிதர்கள் யார் முந்தி என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரின் போத்தல் நிறைந்தபடியே கீழே விழுந்து உடைந்தது. சண்டையைப் பார்த்துச் சிரித்த சனம், எண்ணெய் மண்ணில் ஊறியதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நானா கடையின் பாதிப் பலகையை இழுத்துச் சாத்தினார்.

"நான் யாவாரம் செய்யவா, சண்டை வெலக்கவா? நீங்களே ஒரு ஒழுங்கு செஞ்சுகொண்டு வாங்கோ. அதுமட்டும் நான் பீப்பா தொறக்க மாட்டன்," என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் எதிர்வீட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், ஒழுங்கைக்கே மிஸ்ஸி. அவர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினோம். நாட்டுக்குத் தேவையான வேலை செய்கிறவர்களுக்கு முதலில் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. எது தேவையான வேலை என்று கேட்டபோதுதான் சத்தம் கிளம்பியது. தேத்தண்ணி இரண்டு முறை வந்து போனது. கடைசியில், எழுத்து அழகாக உள்ள, பாரபட்சமில்லாத ஒருவர் பட்டியலை எழுதட்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படிப்பட்டவன் என்னைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை என்று நானும் மனமார நம்பினேன்.

கந்தோரிலிருந்து சிவப்பு மை கொஞ்சம் கொண்டுவந்து, மட்டம் பிடித்துக் கோடு கிழித்து எழுதினேன். இரண்டு பட்டியல். முதலாவது, அத்தியாவசிய ஊழியர். இரண்டாவது, மற்றையோர். முதற் பட்டியல்காரருக்கு முதலில் கொடுப்பது, ஆளுக்கு இரண்டு போத்தல். அதன் பிறகு பீப்பாவில் மிஞ்சினால் மற்றையோருக்கு ஒவ்வொரு போத்தல். முதற் பட்டியலில் சேர வேண்டுமென்றால் வேலை கொடுத்தவரிடமிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும். இந்தக் கடிதச் சட்டம் முழுக்க என் மூளையில் உதித்தது. கந்தோரில் பழகிய பழக்கம். கடிதம் இல்லாமல் நாங்கள் அங்கே கதிரையைக்கூட நகர்த்த மாட்டோம்.

ஆஸ்பத்திரி, ரயில்வே, துறைமுகம், தந்தி என்று முதற் பட்டியல் ஒழுங்காகத்தான் போனது. அதற்குக் கீழே எங்கள் சமறி ஆட்கள் ஏழு பேரின் பெயரையும் எழுதினேன். ஏழு பேரில் ஒருவர் தந்திக் கந்தோரில் இரவுபகலாக மாறி மாறி வேலை செய்கிறவர், அவருக்கு நியாயம் உண்டு. மற்ற ஆறு பேரும் பட்டப்பகலில் ஃபைல் பார்க்கிற கிளாக்கர்கள். ஃபைல் தாமதித்தால் நிருவாகம் தாமதிக்கும், நிருவாகம் தாமதித்தால் யுத்தமே தாமதிக்கும் என்று எனக்கு நானே வியாக்கியானம் சொல்லிக்கொண்டேன். தன் கையே தனக்குதவி என்பதற்கு நான் கண்ட பொருள் அது.

அந்த எண்ணெயை நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னேரமானதும் யன்னல்களுக்குக் கறுப்புக் கடதாசி மாட்டி, மேசை விளக்கைத் தூண்டிவிட்டு, முந்நூற்றிநாலு விளையாடினோம். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் நாலு பேர் கூடினால் கைக்குச் சீட்டு வராமல் இருக்காது. யுத்தத்தை வெல்ல அரசாங்கத்துக்கு நாங்கள் செய்த உதவியெல்லாம் துரும்பு கேட்பதிலேயே கழிந்தது.

பட்டியல் போட்ட முதற் சனிக்கிழமை நானாவின் கடை விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முன்னால் வந்து நின்றார். வெளுத்துப்போன சேலை, கழுத்தில் கறுப்பு நூலில் சின்னச் சிலுவை. கையில் கழுத்துக்குக் கயிறு கட்டிய போத்தல். விரல் நுனிகள் ஊறிப்போய் வெள்ளையாக இருந்தன.

"ஐயா, என்னையும் முதல் பட்டியல்ல போடுங்க."

"என்ன வேலை?"

"இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறேன். விடியக்காலை மூணு மணிக்கு எழும்பணும். வெளிச்சம் இல்லாம ஒண்ணும் செய்ய ஏலாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"வேலை தாற துரையிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றேன்.

"எனக்குத் துரை யாரும் இல்லையே ஐயா. வீட்டில வச்சுத்தான் அவிக்கிறேன்."

"கடிதம் இல்லாட்டிப் போடேலாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

சட்டமாம் சட்டம்! போன கிழமை கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நானே உண்டாக்கியது. அந்தப் பெண் விடாமல் சொல்லிப் பார்த்தார். இருட்டடிப்பு என்று யன்னலைத் திறக்க முடியாது, அடுப்பு வெளிச்சம் பானைக்குக் கீழேயே நின்றுவிடும், மாவில் பூச்சி கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்றார். "சனங்க வாயில வைக்கிற சாமான் ஐயா," என்றார். நான் அடுத்த ஆளைப் பார்த்தேன். அவருடைய பெயரை மற்றையோர் பட்டியலில், அடியிலிருந்து மூன்றாவதாக எழுதினேன்.

அன்று காலை நான் சாப்பிட்ட எட்டு இடியப்பமும் அவர் அவித்தவைதான். அது எனக்குத் தெரியாது. நான் அவருடைய இடியப்பத்தைத் தின்கிறவன் என்பது அவருக்கும் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் அய்யேயின் கூடை மட்டும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவருடைய முறை வருமுன்னே பீப்பா முடிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அவர் வெறும் போத்தலைக் கயிற்றில் ஆட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கமாக நடந்து போனார். மூன்றாவது சனிக்கிழமை அவர் வரவேயில்லை. தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அய்யே வந்தார். குரல் இல்லை, கூடையும் இல்லை. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத நே, மாத்தயா," என்றார். இன்றைக்கு இல்லையாம்.

"ஏன் அய்யே? சுகமில்லையா?"

"பூமிதெல் நே," என்று சொல்லி, வெறும் போத்தலைக் கவிழ்ப்பதுபோல் கையைத் திருப்பிக் காட்டினார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "அவிக்கிற நோனா பாவம். மூணு சனிக்கிழம எண்ண கெடைக்கல்ல. இனி அவிக்கிறது இல்ல," என்றார்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ஆனால் விளங்காதவன்போல உள்ளே போய் முகம் வழித்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்து, ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், சட்டம் சட்டம்தான் என்று சொல்லிக்கொண்டேன். அன்று காலை முந்திய நாள் பாண்தான் சாப்பாடு. காய்ந்து, தேத்தண்ணியில் தோய்த்தால்தான் இறங்கியது.

அந்தக் கிழமை ஒழுங்கையே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தது. ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய துறைமுகத்து ஆட்கள் வெறுந் தேத்தண்ணியோடு போனார்கள். காலி வீதிச் சாப்பாட்டுக் கடை திறக்க ஏழு மணியாகும். பாண் கிடைப்பதும் நிச்சயமில்லை. எங்கள் தந்திக்கார நண்பர் இரவு வேலை முடிந்து வந்து, படலையைத் திறக்கும்போதே "வந்ததோ?" என்று கேட்பார். இல்லை என்றால் சப்பாத்தோடேயே கட்டிலில் விழுவார். என்ன காரணம் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை நான் மேசையில் உட்கார்ந்தபோது மிஸ்ஸி முதல் ஆளாக வந்தார். இரண்டு போத்தலையும் மேசையில் வைத்தார். நிரப்பச் சொல்லவில்லை.

"தம்பி, உம்மட முதல் பட்டியலை நல்லா வாசிச்சுப் பாரும். அதில இருக்கிற அவ்வளவு ஆக்களும் இந்தக் கிழமை பட்டினியா வேலைக்குப் போனவை. நேற்று ஒரு நோயாளிக்கு ஊசி போடேக்கை என்ர கை நடுங்கினது. வருத்தம் அவருக்கோ எனக்கோ எண்டு தெரியேல்லை," என்றார்.

"நான் என்ன மிஸ்ஸி செய்ய?"

"அய்யே எனக்கு எல்லாம் சொன்னவர். அந்த இடியப்பக்காரப் பிள்ளையைப் போய்ப் பாரும். எண்ணெய் இல்லாமத்தானே நிண்டவ."

ஞாயிற்றுக்கிழமை காலை அய்யேயோடு போனேன். ரயில் பாதையோரம், ஒரு பெரிய வளவின் பின்புறத்தில் தனியாக இரண்டு அறை. இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கயிற்றில் கோத்து ஆணியில் தொங்கவிட்டிருந்தது. அவ்வளவு தட்டுகளை ஒன்றாக நான் கண்டதே இல்லை. கீழே பாயும் உடுப்பும் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. குசினிக்குள்ளிருந்து அந்தப் பெண் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் சேலையால் கையைத் துடைத்துக்கொண்டு, "பட்டியல் ஐயா!" என்றார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் புருஷன் வண்டி கொண்டுவருவாராம். கொட்டாஞ்சேனைக்குத் தங்கச்சி வீட்டுக்கு, இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அங்கே இடியப்பம் அவிக்கலாமே என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அங்க ஒவ்வொரு சந்துக்கும் ஒரு இடியப்பக்காரி இருக்கா ஐயா. அங்க போனா தங்கச்சி வீட்டில சோத்துக்கு நிக்கணும். இங்க என் கையால நிக்கிறேன்." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவர் கப்பல்ல வேலைக்குப் போய் ஒண்ணரை வருஷம். கடிதம் ஒண்ணும் வரல்ல. வந்தா இந்த விலாசத்துக்குத்தான் வரும். நான் இங்க இல்லாட்டி யார் வாங்குறது?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"ஒரு கடிதம் மட்டும் இருந்தாப் போதும். உடனே பேரை மேல எழுதலாம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா?

"யாரிட்ட ஐயா வாங்குறது? என் இடியப்பத்தைச் சாப்பிடுறவங்கதான் எனக்குத் துரைமார். அவங்க எல்லார் வாசல்லயும் போய் நின்னு கையெழுத்து வாங்கட்டுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். வாசலில் குந்தியிருந்த அய்யே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னோடு அவர் திரும்பி வரவில்லை. சமறிப் படலையைத் திறந்தபோதுதான், உள்ளே எண்ணெய் நிறைந்த போத்தல்கள் நிற்பது எனக்கு நினைவு வந்தது. இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அன்று பின்னேரம் ஆட்டம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அய்யேயின் குரல் மறுபடியும் கேட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். எங்கள் நண்பர் ஒருவர் கையில் கோப்பையோடேயே ஓடிவந்தார். அருகே போனபிறகுதான் அவர் "இந்தி ஆப்ப" என்று கூவவில்லை என்பது தெரிந்தது.

"அத்சன...! அத்சன...!"

கையெழுத்தாம். தலையிலிருந்து கூடையை இறக்கினார். எப்போதும்போல வாழையிலை விரித்திருந்தது. அதன்மேல் ஒரு தாளும் ஒரு பென்சிலும். தாளின் தலைப்பில் மிஸ்ஸியின் எழுத்து. அந்தக் காலத்தில் கடிதம் என்றால் இங்கிலீசுதான். இதுதான் அதன் சாரம்: இக்கடிதத்தைக் கொண்டுவரும் பெண்மணி எங்களிடம் வேலை செய்கிறவர். இவருடைய வேலை நின்றால் எங்களுடைய வேலையும் நிற்கும். கீழே கையொப்பமிட்டிருக்கும் நாங்களே இவருடைய எசமானர்கள்.

அதற்குக் கீழே மிஸ்ஸி, ரயில்வே கார்ட், துறைமுகத்துப் பாரந்தூக்கி ஓட்டுகிறவர், ஆசிரியர்கள், தபால்காரர். ஒவ்வொருவரும் பெயரோடு உத்தியோகத்தையும் எழுதியிருந்தார்கள். சிங்களத்தில் ஒரு வரி இருந்தது, அது அய்யேயுடையது. எங்கள் வீட்டு ஆட்கள் கூத்தடித்துக்கொண்டு வரிசையாக எழுதினார்கள். எனக்குப் பென்சிலைத் தராமல் தந்திக்காரர் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நீ போடேலாது மச்சான். நீ நீதவான் எல்லோ?"

அவருக்கு உண்மை தெரியாது, பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பென்சிலைப் பிடுங்கி வாங்கிக் கடைசியில் என் பெயரை எழுதினேன். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டாவது நான்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கூட்டம். அந்தப் பெண் வரிசையில் தன் முறை வரும்வரை நின்று, மேசைக்கு வந்து, மடித்த தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

"துரைமார் கடிதம் ஐயா."

"சத்தமா வாசிங்கோ தம்பி, எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றார் நானா, பீப்பாவில் சாய்ந்துகொண்டு.

இங்கிலீசில் வாசித்துத் தமிழிலும் சொன்னேன். பெயர்களையும் வாசித்தேன். முப்பத்தேழோடு நிறுத்திக்கொண்டேன். நானா விடுவாரா? அவருக்கு மிஸ்ஸி ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருக்க வேண்டும்.

"கடைசிலயும் ஒரு பேரு ஈக்கிது போலயே?"

என் பெயரைச் சொன்னேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னை நம்ப முடியாதவர்போலப் பார்த்தார்.

"ஐயாவும் நம்ம இடியப்பமா? எந்த வீடு?"

"மிஸ்ஸி வீட்டுக்கு எதிர் வீடு. நாங்கள் ஏழு பேர், ஆளுக்கு எட்டு."

"அட, ஐம்பத்தாறு வீடு!" என்றார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு வருஷமாக அவருக்கு எங்கள் வீட்டின் கணக்குத் தெரிந்திருந்தது. விடியக்காலை மூன்று மணிக்கு, ஐம்பத்தாறு வீட்டுக்கு என்று எண்ணித் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். நான் அவரை மற்றையோர் என்று எழுதி வைத்திருந்தேன். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

பேனாவை எடுத்து அவருடைய பெயரை முதற் பட்டியலில் எழுதினேன். வேலை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, காலைச் சாப்பாடு என்று எழுதினேன். எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தேன். நானா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, பட்டியல் நீளுது, எண்ட பீப்பா பெருக்கல்ல. முதல் பட்டியலுக்கே இண்டைக்கு எண்ணெய் காணாது. ஒராள் ஏறினா ஒராள் எறங்கணுமே. யாரை எறக்கிறது?"

முதற் பட்டியல்காரர் ஒவ்வொருவரும் தங்கள் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் சமறி நண்பர்கள் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தார்கள். அன்று பின்னேரம் விளையாடுவதற்கு வேறு சமறியிலிருந்து இரண்டு பேர் வேறு வருவதாக இருந்தது. அவர்கள் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும்.

சிவப்பு மையைத் திறந்தேன். தந்திக்காரரை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு மற்ற ஆறு பேரின் பெயரையும் வெட்டினேன். என்னுடையதை முதலில் வெட்டினேன். பிறகு ஆறையும் மற்றையோர் பட்டியலின் அடியில் எழுதினேன். வெட்டும்போது கை கூசியது, வெட்டி முடிந்ததும் மனசு லேசானது. "டேய், உனக்கு விசரோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மிஸ்ஸி திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பெண்ணின் போத்தல்களை நானா நிரப்பினார். ஒன்று அவர் கொண்டுவந்தது, மற்றது நானாவே கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. பட்டியல் வேலையெல்லாம் முடிந்தபிறகு நானும் என் போத்தலோடு வரிசையின் வாலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது பீப்பா முடிந்துவிட்டது. நானா பீப்பாவைச் சரித்துத் தட்டிக் காட்டினார். வெறும் போத்தலோடு நான் திரும்பியபோது, அந்தப் பெண் இரண்டு நிறைந்த போத்தலோடு என்னைக் கடந்து போனார். ஒன்றை இந்தாருங்கள் என்று நீட்டுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன். அவர் நீட்டவில்லை. "வாறேன் ஐயா, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, திங்கக்கிழமை காலையில அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்று பின்னேரம் சமறியில் விளக்கு எரியவில்லை. மிச்சமிருந்த எண்ணெயை என் நண்பர்கள் கோபத்தில் தேடவும் இல்லை, நான் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. சீட்டாட வந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்திருந்தோம். முதலில் நண்பர்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல என்ன நடந்தது என்று முழுவதையும் சொன்னேன், முகம் வழித்த கதை உட்பட. சொல்லி முடித்ததும் அந்த "விசரோ" கேட்டவர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அது ஏச்சா பாராட்டா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பழையபடி பகிடி தொடங்கிவிட்டது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு "இந்தி ஆப்ப...!" கேட்டது. அய்யே எங்கள் வீட்டுக்கு இடியப்பத்தை எண்ணி வைத்தார். வைத்து முடித்து, ஒரு விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். ஐம்பத்தேழு இருந்தது. "பட்டியல் ஐயாவுக்காம், நோனா தந்தது," என்றார். அந்த ஒன்றுக்கு ஏழு பேரும் அடிபட்டோம். நான் யாருக்கும் கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட இடியப்பங்களில் அதன் ருசி மட்டும் இன்னும் நாக்கில் நிற்கிறது.

சொன்னபடி அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை வண்டி வந்தது. வந்து, இரண்டு மூட்டை விறகை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிப் போனது என்று அய்யே சொன்னார். அந்த வருஷக் கடைசியில், மழைக்காலத்தில் ஒரு காலை, கூடையில் இடியப்பத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் சர்க்கரை போட்ட தேங்காய்ப்பூ ஒரு சிரட்டை வந்தது. காசு வேண்டாம் என்றார் அய்யே. ஏதோ தூரத்துத் துறைமுகத்திலிருந்து கப்பல்காரர் போட்ட கடிதம் அந்தப் பழைய விலாசத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அன்று சொதியையும் மறந்து வெறுந் தேங்காய்ப்பூவோடு இடியப்பத்தைத் தின்றுவிட்டு, ஆறு மணி ரயிலுக்கு ஓடிய துறைமுகத்து ஆட்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு எனக்குக் கலியாணமாகித் தெஹிவளைக்குக் குடிபோனேன். கந்தோரில் படிப்படியாக ஏறி, எத்தனையோ பட்டியல்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு இளைப்பாறியும் விட்டேன். தட்டுப்பாடு வந்தால் சிலருக்கு முதலிடம் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் யாருக்கு என்று வீட்டிலோ வெளியிலோ பேச்சு எழும்போதெல்லாம், இன்று காலை நான் சாப்பிட்டது யார் கையால் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன், என் பெயரைப் பட்டியலின் அடியில் எழுதிவிட்டுத்தான் மற்றப் பெயர்களை எழுதத் தொடங்குகிறேன்.